பேரரசர் வீட்டில் இல்லை

எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் வந்த ஒப்ளிவியன் என்ற கணினி விளையாட்டில், டாம்ரியல் என்ற கற்பனைக் கண்டம் முழுவதையும் ஆளும் பேரரசர் ஏழாம் யூரியல் செப்டிமை நாம் முதன்முதலாகப் பார்ப்பது சிறைக் கொட்டடியில். நாம் கைதி. எதிர்க் கொட்டடியில் வாலன் ட்ரெத் என்று ஒருத்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்மை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான். படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. மூன்று மெய்க்காவலர்களுக்கு நடுவே பேரரசர் இறங்கி வருகிறார். அவருடைய பிள்ளைகளைக் கொலைகாரர்கள் தாக்கிவிட்டார்கள், அடுத்து அவர்தான். தப்பிக்கும் ரகசிய வழி நம் கொட்டடிச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் குரலில் கொஞ்சம் பேசுகிறார், கழுத்திலிருந்த பதக்கத்தை நம் கையில் கொடுக்கிறார், சுரங்கத்திலேயே உயிரை விடுகிறார்.

2006 மார்ச்சில் வந்த விளையாட்டு இது. 2025 ஏப்ரலில் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். என் அக்கா மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலைநகரின் நடுவே அரண்மனைக்குள் நுழைந்ததும் கேட்டான்:

"மாமா, ராஜா எங்க?"

"அவர்தான் செத்துட்டாரேடா. நீயும்தான பார்த்த?"

"அப்ப இது யார் வீடு?"

இவ்வளவு வருடமாக ஆடியும் இந்தக் கேள்வியை நான் இவ்வளவு நேராகக் கேட்டுக்கொண்டதில்லை. இந்தப் பதிவு அவனுக்குச் சொல்ல நினைத்த பதில்தான். அவன் பாதியிலேயே தூங்கப் போய்விட்டான்.

என் தொழில் வீட்டு பிளான் போடுவது. எந்த விளையாட்டில் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் சுவர் எங்கே, படி எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுதான் கண் போகும். அரண்மனை என்று பெயர் வைத்துவிட்டு ஒரு நீள ஹாலைக் கட்டி, கடைசியில் ஒரு சிம்மாசனத்தைப் போட்டு, அதில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு நம்மை மண்டியிடச் சொல்லும் விளையாட்டுகள் நிறைய. ஒப்ளிவியனின் அரண்மனை எனக்கு அவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. நாம் போக முடிகிற இடம் அதில் மிகக் குறைவு என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிரோடில் மாகாணத்தின் நடுவில் ரூமேர் ஏரி. ஏரிக்கு நடுவே ஒரு தீவு. தீவின் மேல் வட்டமான மதிலோடு இம்பீரியல் சிட்டி. வட்டத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: சந்தை, அரீனா என்ற சண்டைக் களம், ஆர்போரிட்டம் என்ற சிலைத் தோட்டம், கோயில் பகுதி, தாலோஸ் பிளாசா, எல்வன் கார்டன்ஸ். வட்டத்துக்கு வெளியே வால் மாதிரி நீட்டிக்கொண்டு சிறை, மந்திரப் பல்கலைக்கழகம், படகுத்துறை. ஆறு பகுதிகளும் சுற்றி நிற்கும் மையத்தில் வைட் கோல்ட் டவர். அதுதான் அரண்மனை. ஒரே ஒரு கோபுரம், வெள்ளைக் கல், செங்குத்தாக மேலே போகிறது. பக்கவாட்டில் பரந்து கிடக்கும் மண்டபங்கள், அந்தப்புரம், குதிரை லாயம் எதுவும் கிடையாது. குதிரை லாயம் ஊருக்கு வெளியே, தாலோஸ் பிளாசா வாசலை ஒட்டி இருக்கிறது. ஆர்க் என்ற முரட்டு இனத்துப் பெண்மணி ஒருத்தி அங்கே வேலை பார்க்கிறாள்.

சென்டர் லைன் போட்டு ஊரை வரைகிறவனுக்கு இந்த பிளானில் பிடிப்பது ஒன்று உண்டு. எந்தப் பகுதியில் நின்றாலும் தலையைத் தூக்கினால் கோபுரம் தெரியும். சந்தையில் வாள் விலை பேசும்போது தெரியும். அரீனாவில் சண்டை முடித்து வெளியே வரும்போது தெரியும். ஆனால் அதன் அடிவாரம் எங்கிருந்தும் தெரியாது, மதில் மறைத்துக்கொண்டிருக்கும். யாரோ மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற உணர்வை ஊர்க்காரர்களுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

என் கதையில் இந்தக் கோபுரம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. விளையாட்டை முதலில் போட்ட கணினியில் இருந்தது 512 எம்பி ரேம், ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 கிராஃபிக்ஸ் கார்டு. பெட்டியின் மேல் எழுதியிருந்த குறைந்தபட்சத் தகுதி மட்டும் இருந்த கணினி. ஓட வேண்டும் என்றால் வீடியோ செட்டிங்கில் போய் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். தூரத்து நிலம், தூரத்துக் கட்டடங்கள், தூரத்து மரங்கள் என்று தனித்தனியாக மூன்று இருக்கும். மூன்றையும் அணைத்துவிட்டேன். அப்புறம் சிரோடில் முழுவதும் மூடுபனிதான். கொஞ்ச தூரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. நகரத்துக்குப் போகவேண்டும் என்றால் சாலையைப் பிடித்துக்கொண்டு, மேப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு போவேன். கோபுரம் என்பது நகரத்துக்குள் போய் நிமிர்ந்து பார்த்தால் மட்டும் இருக்கிற ஒரு பொருள்.

பிறகு 8600 ஜிடி கார்டு வாங்கிப் போட்டேன். மூன்றையும் இயக்கிவிட்டு, சேவ் செய்து வைத்திருந்த இடத்தைத் திறந்தேன். அது வடக்கே ஜெரால் மலைமேல், புரூமா ஊருக்கு மேலே, கிளவுட் ரூலர் டெம்பிள் கோட்டையின் முற்றம். பிளேட்ஸ் என்ற மெய்க்காவலர் படையின் இருப்பிடம். பனி கொட்டும் இடம். தெற்கே திரும்பினேன். காடு, காட்டுக்குக் கீழே ஏரி, ஏரிக்கு நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு. மாகாணத்தில் பாதியைத் தாண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது. நான் நடந்து அலைந்த அத்தனை இடங்களுக்கும் அது எப்போதும் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

அந்த முற்றத்தில் இன்னொருவரும் இருக்கிறார். மார்ட்டின். யூரியல் செப்டிமின் வெளியே தெரியாத மகன். குவாட்ச் ஊரில் பூசாரியாக இருந்தவரை அழைத்து வந்து அந்தக் கோட்டையில் ஒளித்து வைத்திருக்கிறோம். கதையின் பெரும்பகுதியில் அவர் அங்கேயே ஒரு மேஜைக்கு முன்னால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசலைத் தாண்டி வந்தால் அவருடைய அப்பாவின் வீடு தெரியும். போக முடியாது. கார்டு மாற்றிய பிறகுதான் அந்த மனிதரின் நிலைமையே எனக்கு விளங்கியது. வசனத்தில் எங்கேயும் அதைச் சொல்லவில்லை. கட்டடம் இருக்கிற இடமே சொல்கிறது.

சரி, உள்ளே போவோம்.

அரண்மனையின் அடிவாரத்தைச் சுற்றியுள்ள வட்டத்துக்கு கிரீன் எம்பரர் வே என்று பெயர். தோட்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், புல்லுக்கு நடுவே கல்லறைகள். மயானத்தைத் தாண்டித்தான் அரண்மனைக் கதவுக்குப் போக வேண்டும். சந்தைப் பகுதியில் தோரோனிர் என்ற வியாபாரி எல்லாவற்றையும் நம்ப முடியாத விலைக்கு விற்றுக்கொண்டிருப்பான். மற்ற கடைக்காரர்கள் வயிறு எரிந்து நம்மிடம் புகார் சொல்வார்கள். துப்புத் துலக்கிக்கொண்டே போனால், அவனுக்குச் சரக்குக் கொடுக்கிற அகார்மிர் என்பவன் பிணங்களைத் தோண்டி எடுத்து, அவற்றின் மேலிருக்கும் நகை, துணிமணிகளைச் சுருட்டி விற்கிறான் என்று தெரியும். அவனோடு கடைசி மோதல் நடப்பது எங்கே? கிரீன் எம்பரர் வேயில், ஒரு குடும்பக் கல்லறை மண்டபத்துக்குள். பேரரசின் தலைமைச் செயலகத்திலிருந்து கூப்பிடு தூரம். மேலே கோபுரத்தில் கண்டம் முழுவதற்கும் சட்டம் போடுகிறார்கள், கீழே அதன் நிழலில் ஒருத்தன் செத்தவர்களின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். இந்தக் கதைக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரை எனக்குப் பிடிக்கும்.

அரண்மனைக் கதவைத் திறந்தால் உள்ளே கல் காரிடார், காவலர்கள். முக்கியமான இடம் எல்டர் கவுன்சில் என்ற ஆலோசகர் சபை கூடும் அறை. பெரிய வட்ட மேஜை, சுற்றி நாற்காலிகள். பேரரசர் இறந்துவிட்டதால் ஆட்சியை நடத்துவது சான்சலர் ஓகாட்டோ. எல்ஃப் என்ற, மனிதரைப் போன்ற வேறு இனத்தவர், உயரமானவர். நல்ல மனிதர், களைத்துப் போனவர். மார்ட்டினுக்காக புரூமா ஊரைக் காப்பாற்றப் படை வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்கிற ஒரு கட்டம் வரும். மாகாணம் பூராவும் நரகத்தின் கதவுகள் திறந்து கிடக்கின்றன. நான் முதன்முறை அவரிடம் போனபோது, பேரரசின் தலைமைப் பீடம் ஆயிற்றே, ஒரு பெரும்படையாவது கிடைக்கும் என்று நம்பித்தான் போனேன். அனுப்ப ஆளில்லை, லீஜியன் படை முழுவதும் ஏற்கெனவே மற்ற இடங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். கடைசியில் நான்தான் ஒவ்வொரு ஊராகப் போய், அந்தந்த ஊரை ஆளும் கவுண்ட்டிடம் பேசி, அவரவர் ஊர் வாசலில் எரிந்துகொண்டிருந்த கதவை மூடிக் கொடுத்து, ஆளுக்கு நாலு வீரர்கள் என்று சேர்த்துக்கொண்டு வந்தேன்.

இத்தனை உயரக் கோபுரத்தில் இவ்வளவுதான் அதிகாரம் மிச்சம் என்று அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போது தெரிகிறது. அதன் பிறகு சாலையில் போகும்போது கோபுரத்தைப் பார்த்தால் முன்பு இருந்த பயம் வரவில்லை. ஒரு வகைப் பரிதாபம் வந்தது.

இங்கே என் தொழில் கொஞ்சம் பேசும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டடத்துக்கு மேலிருந்து பார்க்கிற பிளான், வெளியிலிருந்து பார்க்கிற எலிவேஷன், குறுக்கே வெட்டிப் பார்க்கிற செக்‌ஷன் என்று மூன்று படம் போடுவோம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எலிவேஷனில் நாலு மாடி காட்டிவிட்டு செக்‌ஷனில் இரண்டு தளம் போட்டால் மேஸ்திரியே சிரிப்பார். இந்த அரண்மனைக்கு நான் மூன்றையும் வரைந்து பார்த்திருக்கிறேன், ஏ3 தாளில், கையால். பிளான் வரைவது எளிது, எல்லாம் வட்டம். எலிவேஷனும் எளிது. செக்‌ஷனில்தான் நின்றுவிடுவோம். சாதாரணமாக நடந்து போகிற ஆளுக்குத் திறக்கிற அறைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கோபுரத்தின் அடிப்பாகத்தில் ஒரு சின்னத் துண்டுதான் நிரம்பும். மீதி உயரம் முழுவதும் என்ன இருக்கிறது என்று படத்தில் போட ஒன்றுமில்லை.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் தெரிந்ததுதான். ஒப்ளிவியனில் நகரங்கள் தனித்தனி உலகங்களாகச் செய்யப்பட்டவை. மலைமேலிருந்து பார்க்கிற கோபுரம் ஒரு எளிய வெளிவடிவம். நகரத்துக்குள் கதவைத் திறந்து போனதும் பார்ப்பது இன்னொரு கோபுரம். அரண்மனைக் கதவுக்குப் பின்னால் இருப்பது இவை இரண்டோடும் ஒட்டாத மூன்றாவது இடம். ஒவ்வொரு கதவிலும் லோடிங் திரை வருவது இதனால்தான். இதே தொடரில் 2002-இல் வந்த மோரோவிண்டில் பறக்கிற மந்திரம் இருந்தது. ஒப்ளிவியனில் அதை எடுத்துவிட்டார்கள், மதிலுக்கு மேல் பறந்து பார்த்தால் உள்ளே நகரமே இல்லை என்பது தெரிந்துவிடும் அல்லவா? ரீமாஸ்டரில் ஒளியும் கல்லும் அன்ரியல் எஞ்சின் 5 என்ற புதிய மென்பொருளில் புதிதாக வந்திருக்கின்றன. உள்ளே ஓடுவது பழைய எஞ்சின்தான், அதனால் அதே கதவுகள், அதே லோடிங்.

காரணம் எதுவாக இருந்தாலும் சரி, எனக்குக் கிடைத்த விளைவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சாமானியனுக்கு எந்த அரண்மனையும் இப்படித்தான் இருந்திருக்கும். உயரத்தைத் தெருவிலிருந்து பார்க்கலாம். மனு கொடுக்கிற அறை வரை போகலாம். அதற்கு மேல் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்பதே தெரியாது. எல்லா மாடிகளையும் சுற்றிப்பார்க்க விட்டிருந்தால் அது ஒரு மியூசியம் ஆகியிருக்கும்.

மேலே போக ஒரே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திருட்டு வழி.

(திருடர் சங்கத்துக் கதையை முடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள். கெட்டுவிடும் என்று சொல்லத்தக்க கதைகளில் இது ஒன்று.)

கிரே ஃபாக்ஸ் என்ற முகமூடித் தலைவன் நமக்குக் கொடுக்கிற கடைசி வேலை, அரண்மனைக்குள் புகுந்து எல்டர் ஸ்க்ரோல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவது. நடந்ததும் நடக்கப்போவதும் எழுதியிருக்கிற சுருள் அது. இந்த வேலைக்கான முன்னேற்பாடுகளே தனித்தனிக் கதைகளாக வரும், அப்போது எதற்கு என்று சொல்ல மாட்டார்கள். ஒரு கோயிலிலிருந்து சவில்லாவின் கல்லை எடுத்து வா என்பான், தூரத்திலிருந்தே அரண்மனைக் காவலை நோட்டம் விட அது உதவும். பிராவில் ஊர் மந்திரவாதியின் கோபுரத்திலிருந்து ஒரு அம்பு. தாலோஸ் பிளாசாவில் ஒரு பிரபுவின் வீட்டிலிருந்து ஸ்பிரிங்ஹீல் ஜாக் என்ற பழைய திருடனின் பூட்ஸ். எல்லாவற்றையும் கொண்டு வந்து கொட்டிய பிறகுதான் திட்டத்தைச் சொல்கிறான்.

முதல் வேலை அரண்மனையின் அடித்தளத்துக்குப் போய் அங்கே இருக்கிற மணற்கடிகாரத்தை இயக்கிவிட்டு வருவது. அது எதைத் திறக்கிறது என்று அந்த இடத்தில் நமக்குத் தெரியாது. பிறகு ஊரின் சாக்கடை வழியாக இறங்கி ஓல்டு வே என்ற பாதையில் போகிறோம். அங்கே கல்லின் சாடை மாறிவிடும். மேலே நகரத்தில் பார்த்த வேலைப்பாடு இல்லை, இது அய்லெய்ட் காலத்துக் கல். அய்லெய்ட் என்கிற பழைய எல்ஃப் இனத்தார்தான் இந்தக் கோபுரத்தையே கட்டியவர்கள். மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள். அலெஸ்ஸியா என்ற அடிமைப் பெண் தலைமையில் கலகம் வெடித்து, முதல் யுகம் 243-இல் கோபுரம் மனிதர்கள் கைக்கு வந்தது. கலகத்தின் பெருவீரன் பெலினல் இந்தக் கோபுரத்தில்தான் அய்லெய்ட் அரசன் உமாரிலை வீழ்த்தினான். பிறகு அவனைப் பிடித்து எட்டுத் துண்டாக வெட்டிப் போட்டார்கள். நைட்ஸ் ஆஃப் தி நைன் துணைக்கதையில் நாம் தேடி அலைவது இந்தப் பெலினலின் ஆயுதங்களையும் கவசத் துண்டுகளையும்தான். அவையும் எட்டு.

ஆக மனிதப் பேரரசர்கள் வம்சம் வம்சமாக ஆண்ட அரண்மனை, அவர்கள் கட்டியது அல்ல. பிடித்த வீடு. கிரீன் எம்பரர் வேயில் நடக்கும்போது இது தெரியாது. அஸ்திவாரத்துக்கு இறங்கினால்தான் தெரியும். பழைய வீட்டை வாங்கி இடித்துக் கட்டுகிறவர்கள் எங்களைக் கூப்பிடும்போது நானும் முதலில் அஸ்திவாரத்தைத்தான் தோண்டிப் பார்ப்பேன். மேலே எத்தனை முறை பூசியிருந்தாலும் முதலில் கட்டியவன் யார் என்பதை அது சொல்லிவிடும்.

ஓல்டு வேயின் முடிவில் ஹால் ஆஃப் எபாக்ஸ். இங்கேதான் அந்த அம்பு. தூரத்தில் இருக்கிற சாவித் துவாரத்தைக் குறிவைத்து எய்தால் கதவு திறக்கிறது. அதற்கப்புறம் அரண்மனைக்குள், காவலர்கள் நடமாடும் இடங்கள் வழியாக, மேலே, மேலே. இங்கே வாளுக்கு வேலை இல்லை, குனிந்து நிழலோடு நிழலாகப் போக வேண்டும். எல்டர் ஸ்க்ரோல் நூலகத்துக்கு வந்தால் அங்கே இருப்பவர்கள் மாத் பிரீஸ்ட் எனப்படும் துறவிகள். கண் தெரியாதவர்கள். சுருள்களைப் படித்துப் படித்தே பார்வை போனவர்கள்.

திட்டத்தின் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வாசிக்கிற நாற்காலியில் போய் உட்கார், வாயைத் திறக்காதே, காத்திரு. அவ்வளவுதான். உட்கார்ந்தேன். கண்டத்தையே ஆளுகிற கோபுரத்தின் நடுவில், திருட வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு துறவி மெதுவாக நடந்து வருகிறார். என்னை வேறு யாரோ ஒரு பெண் என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாக ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறார். சுருளைக் கொண்டு வந்து வைக்கிறார். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது உண்மை. திரைக்கு இந்தப் பக்கம் அதற்கு எந்தத் தேவையும் இல்லை, ஆனாலும் அடக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை காவல், இத்தனை பூட்டு, இத்தனை உயரம், அதற்குள் இருக்கிற ஆக மதிப்புள்ள பொருளைக் கண் தெரியாத ஒரு கிழவர் நம்பிக்கையோடு நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். எழுந்து போகும்போது அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

திரும்பும் வழி வந்த வழி இல்லை. பேட்டில்மேஜ் என்ற அரசவை மந்திரவாதியின் அறைக்குப் போய், அங்கே இருக்கிற கணப்பு அடுப்புக்குள் நுழைந்து குதிக்க வேண்டும். விழுகிறோம், விழுகிறோம், விழுந்துகொண்டே இருக்கிறோம். கோபுரத்தின் உயரத்தை விளையாட்டு நம் உடம்புக்குத் தெரிய வைப்பது அந்த ஒரு இடத்தில்தான். ஜாக்கின் பூட்ஸ் காலில் இல்லாவிட்டால் உயிர் போய்விடும். இருந்தால் அடியை அது வாங்கிக்கொண்டு உடைந்து போகும். என் ஏ3 தாளில் செக்‌ஷனில் வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு நேர்க்கோடு மட்டும் கீழே வரை போட்டேன். அது அந்தப் புகைபோக்கி.

சுருளைக் கொண்டு போய்க் கொடுத்த பிறகு கிரே ஃபாக்ஸ் யார், அது அவனுக்கு எதற்கு என்று தெரிய வருவதை நான் சொல்லப் போவதில்லை.

இனி அக்கா மகனின் கேள்வி. இது யார் வீடு?

இந்தத் தொடரில் வந்த விளையாட்டுகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். முதலாவது 1994-இல் வந்த அரீனா. அதிலும் இதே யூரியல் செப்டிம்தான் பேரரசர், இதே அரண்மனைதான். ஆனால் உள்ளே இருப்பவன் ஜகார் தார்ன். பேரரசரை வேறொரு உலகத்தில் அடைத்துவிட்டு, அவருடைய உருவத்தை எடுத்துக்கொண்டு பத்து வருடம் ஆண்ட அரசவை மந்திரவாதி. கடைசிச் சண்டை நடப்பதே அரண்மனைக்குள்தான். 1996-இன் டாகர்ஃபாலில் பேரரசர் தொடக்க வீடியோவில் வந்து நமக்கு வேலை கொடுக்கிறார், அதோடு சரி. மோரோவிண்டில் கண்டத்தின் வேறு மூலை. ஒப்ளிவியனில் அவர் நம் கண் முன்னால் செத்துப் போகிறார். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனுக்கு 2015-இல் வந்த சேர்க்கையில் வைட் கோல்ட் டவர் நாலு பேர் சேர்ந்து சண்டை போட்டு முன்னேறும் ஒரு டன்ஜன், மோலாக் பால் என்ற அசுர தெய்வத்தின் அரக்கர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். 2011-இன் ஸ்கைரிம்மில் நாம் சந்திக்கும் பேரரசர் டைட்டஸ் மீட், சாலிட்யூடு நகருக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்ட கப்பலில் இருக்கிறார். அங்கேயும் நாம் போவது எதற்கு என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

அரண்மனைக்கு நடந்து போய், உரிமையோடு அங்கே இருக்கிற ஒரு பேரரசருக்கு முன்னால் நான் நின்றதே இல்லை.

மிக நெருங்கி வந்தவர் மார்ட்டின். ஒப்ளிவியனின் கடைசிக் கட்டத்தில், மலையிலிருந்து இறங்கி, எங்களோடு அரண்மனைக்குள் வருகிறார். ஓகாட்டோ அவரை ஏற்றுக்கொள்கிறார், கவுன்சில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது, இவர்தான் பேரரசர். நான் அந்த இடத்தில் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். மார்ட்டினுக்குப் பேசிய நடிகர் ஷான் பீனின் குரல் அந்தக் கல் சுவர்களுக்குள் கேட்டதே போதும் என்று இருந்தது. அப்போது ஒரு வீரன் ஓடி வருகிறான். ஊருக்குள்ளேயே நரகக் கதவுகள் திறந்துவிட்டன. வெளியே ஓடுகிறோம், கோயில் பகுதிக்கு. அங்கே நரகத்தின் அதிபதி மெஹ்ரூன்ஸ் டேகன் மதிலைவிட உயரமாக நிற்கிறான். அதன் பிறகு மார்ட்டின் என்ன ஆனார் என்பதற்குச் சாட்சி, உடைந்த கூரையுள்ள கோயிலுக்குள் நிற்கிற கல் டிராகன். அப்பாவின் வீட்டுக்குள் அவர் இருந்தது ஒரு பேச்சு முடிகிற நேரம்கூட இல்லை.

அதற்கப்புறமும் நாம் ஆடிக்கொண்டே இருக்கலாம். மறுபடி அரண்மனைக்குப் போனால் ஓகாட்டோ இருப்பார். அந்த எல்ஃப்தான் உண்மையில் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர். கோபுரம் முதலில் எல்ஃப்களுடையது, கடைசியில் அதன் விளக்கை அணையாமல் வைத்திருந்தவரும் ஒரு எல்ஃப். அந்த இனத்துக்கும் இந்த இனத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான், ஆனாலும் எனக்கு அது முக்கியமாகப் பட்டது. யார் வீடு என்று கேட்டால் ஓகாட்டோ வீடு என்றுதான் அவனிடம் சொல்வேன். சிம்மாசனம் கேட்காமல் வேலையைப் பார்த்தவர்.

ஸ்கைரிம்மில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு அலமாரியில் மாபெரும் போரைப் பற்றிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. நாலாம் யுகம் 174-இல் ஆல்ட்மெரி டொமினியன் என்ற எல்ஃப் அரசின் படை இம்பீரியல் சிட்டியைப் பிடித்ததாம், அரண்மனை எரிக்கப்பட்டதாம், வைட் கோல்ட் டவர் கொள்ளையடிக்கப்பட்டதாம். ஒரே வரி. ஆடுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன், அவ்வளவு கோபம். அந்த நாற்காலி, அந்த வட்ட மேஜை, அந்தக் கண் தெரியாத கிழவர்கள் இருந்த நூலகம் எல்லாம் ஒரு வரியில் முடிந்துவிட்டது. அடுத்த வருடமே நகரத்தை மீட்டார்கள் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. மீட்டார்கள், சரி. எரிந்த அரண்மனையை யார் சரி செய்தது? கல் எங்கிருந்து வந்தது, எத்தனை வருடம் பிடித்தது, கஜானா காலியாக இருந்த பேரரசு கொத்தனார்களுக்கு எப்படிக் கூலி கொடுத்தது? இந்தத் தொடரின் ஆறாவது விளையாட்டை 2018-இல் அறிவித்தார்கள். அது டாம்ரியலின் எந்த மூலையில் நடந்தாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு சத்திரத்தின் அலமாரியில் இந்த விவரங்களை எழுதி ஒரு புத்தகம் வைத்துவிட்டால் போதும். நான் தேடிப்பிடித்துப் படித்துக்கொள்வேன்.